ஈர்ப்பு விசையின் குவாண்டம் இயல்பை ஆய்வகத்தில் சோதிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஈர்ப்பு விசையும் மற்ற விசைகளைப் போலக் குவாண்டம் விதிகளுக்கு உட்பட்டதா என்பதைச் சோதனை செய்து அறிய முடியுமா, அல்லது அதற்குப் பிளாங்க் ஆற்றலை (ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் வலுவாகத் தலைகாட்டும் எனக் கருதப்படும் மிகப் பெரிய ஆற்றல் அளவை) எட்டும் துகள் முடுக்கி வேண்டும் என்பதால் அது என்றைக்கும் ஏட்டளவிலேயே நின்றுவிடுமா? கொள்கையளவில் சோதிக்க முடியும் என்பதும், இதுவரை எவரும் அதைச் செய்து முடிக்கவில்லை என்பதும் என் சுருக்கமான பதில். அதற்கான வழி பேராற்றல் மோதல்களைவிட, மிகக் குளிர்ந்த, மிக அமைதியான சூழலில் ஓரிரு நொடிகள் மிதக்கும் நுண்ணிய திண்மங்களிடமே இருப்பதாக இத்துறையில் பலரும் இன்று கருதுகிறார்கள். ஏன் அப்படிக் கருதுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் பிளாங்க் ஆற்றலைப் பற்றிய தயக்கத்தைப் பார்த்துவிடலாம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி எட்டியிருக்கும் ஆற்றல் 13.6 டெரா எலக்ட்ரான்வோல்ட். பிளாங்க் ஆற்றல் அதைப்போல ஏறத்தாழ 9 கோடி கோடி மடங்கு. இந்த இடைவெளியை நிரப்பும் இயந்திரத்தை எவராலும் கட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் காலவெளியின் மிக நுண்ணிய கட்டமைப்பு எப்படிப்பட்டது என்ற கேள்விக்குத்தான் அந்த ஆற்றல் தேவைப்படுகிறது. ஈர்ப்புப் புலம் ஒரே நேரத்தில் இரண்டு வேறு நிலைகளின் மேற்பொருந்தலில் இருக்க முடியுமா என்பது அதைவிட எளிய, அடிப்படையான கேள்வி. அதற்கு அத்தனை ஆற்றல் வேண்டியதில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொண்டதால்தான் இத்துறை பல ஆண்டுகள் சோதனையாளர்களின் கண்ணில் படாமல் இருந்தது என்பது என் கருத்து.

அடுத்து, ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்ட சோதனைகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும், ஏனெனில் அவற்றைக் காட்டி ஈர்ப்பின் குவாண்டம் இயல்பு நிறுவப்பட்டுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். 1975-இல் கொலெல்லா, ஓவர்ஹௌசர், வெர்னர் ஆகிய மூவரும் சிலிக்கான் படிகத்தால் ஆன குறுக்கீட்டுமானியில் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதையை மற்றதைவிடச் சற்று உயரத்தில் அமையச் செய்தார்கள். இரு பாதைகளிலும் புவியீர்ப்பின் நிலையாற்றல் வேறுபட்டதால், நியூட்ரான் அலைகளின் கட்டத்தில் (அலை தன் ஏற்றஇறக்கச் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்) எதிர்பார்த்த வேறுபாடு தோன்றியது. 2002-இல் கிரெனோபிளில், ஒரு கண்ணாடிப் பரப்பின் மேல் துள்ளும் மிக மெதுவான நியூட்ரான்கள் புவியீர்ப்பில் தொடர்ச்சியான உயரங்களில் அன்றி, குறிப்பிட்ட படிநிலைகளில் மட்டுமே நிற்பது காணப்பட்டது. அவற்றில் மிகத் தாழ்ந்த படி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. 2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ருபீடியம் அணுவின் அலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை டங்ஸ்டன் திண்மம் ஒன்றுக்கு அருகே கொண்டுசென்று, அதன் ஈர்ப்பு ஏற்படுத்திய கட்ட வேறுபாட்டை அளந்தார்கள்.

இவை மூன்றும் அழகான சோதனைகள். ஆனால் மூன்றிலும் குவாண்டம் நிலையில் இருப்பது ஈர்ப்பை உணரும் பொருள் மட்டுமே. ஈர்ப்பை உண்டாக்கும் பொருளாக, புவியோ டங்ஸ்டனோ, ஒரே இடத்தில் உறுதியாக நிற்கும் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே புலம் பழைய, அதாவது குவாண்டத்துக்கு முந்தைய, இயற்பியலின் புலமாகவே இருந்தாலும் இம்முடிவுகள் அப்படியே கிடைத்திருக்கும். நாம் கேட்கும் கேள்வி எழ வேண்டுமானால், ஈர்ப்பின் மூலமே மேற்பொருந்திய நிலையில் இருக்க வேண்டும். ஒரு திண்மம் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருசேர இருக்கும் நிலையில், அதன் ஈர்ப்புப் புலம் எங்கே இருக்கிறது?

இதற்கு மூன்று விதமான பதில்கள் சாத்தியம். புலமும் திண்மத்தோடு சேர்ந்து மேற்பொருந்திய நிலையில் இருக்கிறது என்பது முதலாவது. இதுவே குவாண்டம் ஈர்ப்பு. திண்மம் எங்கே இருந்தாலும் புலம் அதன் சராசரி இருப்பிடத்தையே மையமாகக் கொள்கிறது என்பது இரண்டாவது. மோலரும் ரோசன்ஃபெல்டும் 1960-களில் ஆராய்ந்த அரைக் குவாண்டம் கோட்பாடு இத்தகையது. ஈர்ப்பே அந்த மேற்பொருந்தலை நீடிக்க விடாமல் குலைத்து, திண்மத்தை ஏதேனும் ஓரிடத்தில் நிற்கச் செய்கிறது என்பது மூன்றாவது. டியோசியும் பென்ரோஸும் முன்வைத்த கருத்து இது.

இரண்டாவது பதிலின் மிக எளிய வடிவத்தை 1981-இலேயே டான் பேஜும் கெயில்கரும் சோதித்தார்கள். கதிரியக்கச் சிதைவின் எண்ணிக்கையைக் கொண்டு, முறுக்குத் தராசின் பக்கத்தில் ஈயத் திண்மங்களை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். அலைச்சார்பு (குவாண்டம் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு) ஒருபோதும் ஒரே நிலைக்குச் சரிவதில்லை என்றும், புலம் சராசரியை மட்டுமே காட்டும் என்றும் கொண்டால், தராசு இரண்டு அமைப்புகளுக்கும் நடுவே அசையாமல் நிற்க வேண்டும். தராசு அசைந்தது, திண்மம் உண்மையில் எங்கே வைக்கப்பட்டதோ அதற்கேற்பவே அசைந்தது. ஆனால் அந்த ஈயத் திண்மங்கள் ஒத்திசைவான மேற்பொருந்திய நிலையில் எப்போதும் இருந்ததில்லை என்பதால், இச்சோதனை விலக்கிய கருத்து குறுகிய ஒன்றுதான்.

ஒளிக்கு ஃபோட்டான் இருப்பது போல ஈர்ப்புக்கு உள்ளதாகக் கருதப்படும் கிராவிட்டானையே நேரடியாகப் பிடித்துவிட்டால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. லைகோ என்ற ஈர்ப்பலை உணர்கருவி உணரும் 100 ஹெர்ட்ஸ் அளவிலான ஈர்ப்பலையில் (காலவெளியில் பரவும் அதிர்வில்) ஒரு கிராவிட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 4×10⁻¹³ எலக்ட்ரான்வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானுக்கு அது 2 எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கிறது. ஆற்றல் குறைவு என்பதைவிட, பொருளோடு அது வினைபுரியும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே பெரிய தடை. வியாழன் கோளின் நிறையுள்ள, பிழையே செய்யாத உணர்கருவி ஒன்றை நியூட்ரான் விண்மீன் ஒன்றின் அருகே சுற்றவிட்டாலும், பத்து ஆண்டுகளுக்கு ஒரு கிராவிட்டான்தான் அகப்படும் என்று ராத்மனும் பானும் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். லைகோ போன்ற கருவியைத் தனிக் கிராவிட்டானை உணரும் அளவுக்குக் கூர்மையாக்க முயன்றால், அதன் ஆடிகள் தம் நிறையாலேயே கருந்துளையாகச் சரிந்துவிடும் என்று ஃப்ரீமன் டைசன் சுட்டிக்காட்டினார்.

2024-இல் பிக்கோவ்ஸ்கியும் அவருடன் பணிபுரிவோரும் இதற்கு வேறொரு வழியை முன்மொழிந்தார்கள். அடிமட்ட ஆற்றல்நிலைக்குக் குளிர்விக்கப்பட்ட உலோகத் தண்டு ஒன்று, கடந்துசெல்லும் வலிய ஈர்ப்பலையிலிருந்து ஒரேயொரு அலகு ஆற்றலை ஏற்று அடுத்த படிக்குத் தாவுவதைக் கவனித்து, அதே நேரத்தில் லைகோவில் அலை பதிவானதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வழி. நடைமுறைக்கு வரக்கூடிய நல்ல யோசனை இது. ஆனால் தாவல் நிகழ்ந்தது என்பதாலேயே புலம் குவாண்டம் புலம் என்றாகிவிடாது. ஒளிமின் விளைவை, பழைய மின்காந்தப் புலமும் குவாண்டம் அணுவும் மட்டுமே கொண்டு விளக்க முடியும் என்பது 1960-களிலிருந்தே தெரிந்த செய்தி. அதே எச்சரிக்கை இங்கும் பொருந்தும், அந்த ஆய்வாளர்களும் இதை மறைக்கவில்லை.

இப்போது மையமான சோதனைக்கு வருகிறேன். அதன் வித்து 1957 சனவரியில், வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் நடந்த ஈர்ப்பியல் மாநாட்டில் விழுந்தது. ஈர்ப்பைக் குவாண்டமாக்கத்தான் வேண்டுமா என்ற விவாதத்தின்போது, ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு கற்பனைச் சோதனையைச் சொன்னார்: ஒரு துகளின் தற்சுழற்சி (ஸ்பின் எனப்படும் குவாண்டம் பண்பு) மேற்பொருந்திய நிலையில் இருக்கட்டும், அதைக் கொண்டு ஒரு சிறு பந்தை இங்கேயும் அங்கேயும் ஒருசேர இருக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம், அந்தப் பந்தின் ஈர்ப்பால் இன்னொரு பந்து நகரட்டும். இடையில் இருக்கும் புலம் குவாண்டம் வீச்சுகளைத் தாங்கிச் செல்லாவிட்டால் இந்தச் சங்கிலி எங்கேயோ அறுந்துபோக வேண்டும் என்பது அவர் வாதம். அறுபது ஆண்டுகள் அது வாதமாகவே இருந்தது.

இங்கே ஒரு பெயரை நினைவுகூராமல் கடக்க மனம் வரவில்லை. ஈர்ப்பையும் குவாண்டம் கோட்பாட்டையும் இணைத்துப் பார்க்கும்போது புலத்தை அளப்பதற்கே அடிப்படையான எல்லை ஒன்று தோன்றுகிறது என்பதை 1936-இலேயே கண்டவர் மாட்வெய் பிரான்ஸ்டைன். இரண்டாண்டுகளுக்குள், ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் அவர் லெனின்கிராடில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31. அவர் வாழ்ந்திருந்தால் இந்தத் துறை இவ்வளவு காலம் காத்திருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

2017-இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் ஒரே நேரத்தில் ஃபைன்மனின் வாதத்தைச் சோதனைத் திட்டமாக மாற்றின: லண்டனிலிருந்து சௌகதோ போஸும் அனுபம் மஜும்தார் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் ஒரு குழு, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கியாரா மார்லெட்டோவும் வ்லாட்கோ வெட்ரலும் இன்னொரு குழு. யோசனை இப்படி: இரண்டு நுண் வைரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இடமும் வலமும் ஒருசேர இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றிடையே ஈர்ப்பைத் தவிர வேறெந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. சிறிது நேரம் விட்டுவைத்து, பின் ஒவ்வொன்றின் இரு பாதைகளையும் மீண்டும் ஒன்றுசேர்த்து, இரண்டு வைரங்களுக்கும் இடையே குவாண்டம் பின்னல் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னல் என்பது, இரண்டு பொருள்களின் நிலைகளைத் தனித்தனியே விவரிக்க முடியாத அளவுக்கு அவை கூட்டாக ஒரே நிலையில் இருப்பதைக் குறிக்கும். தற்செயலான ஒற்றுமைகளுக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை, பல திசைகளில் அளவீடு செய்து கணக்கால் உறுதிப்படுத்த முடியும்.

ஈர்ப்பு எப்படிப் பின்னலை உண்டாக்கும் என்பதை எண்களோடு பார்ப்பதே நல்லது. போஸ் குழு எடுத்துக்கொண்ட அளவுகள் இவை: ஒவ்வொரு வைரமும் 10⁻¹⁴ கிலோகிராம், அதாவது ஆரம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒவ்வொன்றின் இடப் பாதைக்கும் வலப் பாதைக்கும் இடைவெளி 250 மைக்ரான், இரண்டு வைரங்களின் மையங்களுக்கு இடையே 450 மைக்ரான், ஈர்ப்பு வேலை செய்யும் நேரம் 2.5 நொடி. இரண்டு வைரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதைகள் என்பதால் நான்கு கிளைகள் உண்டு. ஒன்றில் இரு வைரங்களும் 200 மைக்ரான் தொலைவுக்கு நெருங்கி இருக்கின்றன. இரண்டில் 450 மைக்ரான் தொலைவு. ஒன்றில் 700 மைக்ரான். ஒவ்வொரு கிளையிலும் ஈர்ப்பு நிலையாற்றல் வேறு என்பதால், ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறது. நியூட்டனின் மாறிலியை நிறையின் இருபடியாலும் நேரத்தாலும் பெருக்கி, பிளாங்க் மாறிலியாலும் தொலைவாலும் வகுத்தால் அந்தக் கட்டம் கிடைக்கும். இங்கே பிளாங்க் மாறிலி என்பது 2π-ஆல் வகுக்கப்பட்ட வடிவம். கணக்கிட்டால் 200 மைக்ரான் கிளைக்கு ஏறத்தாழ 0.79 ரேடியன், 450 மைக்ரான் கிளைகளுக்கு 0.35, 700 மைக்ரான் கிளைக்கு 0.23.

முதலும் கடைசியும் சேர்ந்த கூட்டுத்தொகை 1.02. நடுவிலிருக்கும் இரண்டும் சேர்ந்தால் 0.70. இந்த இரண்டு கூட்டுத்தொகைகளும் சமமாக இருந்திருந்தால் ஒவ்வொரு வைரமும் தனித்தனியே ஒரு கட்டத்தைப் பெற்றதாகக் கொள்ளலாம், பின்னல் எதுவும் இருக்காது. அவை சமமாக இல்லாத அந்த 0.3 ரேடியன்தான் பின்னலின் அளவு. ஒரு மைக்ரான் அளவுள்ள இரண்டு தூசிகளுக்கு இடையிலான ஈர்ப்பு, எந்தத் தராசாலும் நேரடியாக உணர முடியாத அந்த விசை, குவாண்டம் கட்டத்தில் அளக்கக்கூடிய எண்ணாகத் தலைகாட்டுகிறது. பிளாங்க் மாறிலி மிகச் சிறிய எண் என்பதும், அது வகுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதுமே இதற்குக் காரணம். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் இத்துறை என்னை முழுமையாக ஈர்த்தது.

பின்னல் கிடைத்துவிட்டால் புலம் குவாண்டம் என்று ஏன் சொல்லலாம்? குவாண்டம் தகவலியலில் நன்கு நிறுவப்பட்ட தேற்றம் ஒன்று உண்டு. விலகியிருக்கும் இருவர் தத்தம் இடத்தில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தங்களுக்குள் பழைய இயற்பியலின் செய்திகளை எத்தனை வேண்டுமானாலும் பரிமாறிக்கொள்ளலாம். அப்படிச் செய்தும் முன்பு இல்லாத பின்னலை அவர்களால் உண்டாக்க முடியாது. இரு வைரங்களுக்கும் இடையே செய்தியைக் கொண்டுசெல்வது ஈர்ப்புப் புலம் மட்டுமே என்றால், அந்தப் புலம் பழைய இயற்பியலின் புலமாக இருக்கும்வரை பின்னல் தோன்றாது. தோன்றினால், இடையில் நின்ற புலத்துக்கும் மேற்பொருந்திய நிலை இருந்தாக வேண்டும்.

இனி, இதை ஏன் இன்னும் எவராலும் செய்ய முடியவில்லை என்பது. மேலே சொன்ன கட்டம் நிறையின் இருபடியைப் பொறுத்தது. நிறை பத்தில் ஒரு பங்கானால் கட்டம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நிறையைக் குறைத்துத் தப்பிக்க வழியில்லை. இதுவரை இரு பாதைகளில் ஒருசேரச் சென்று குறுக்கீடு காட்டிய பெரிய மூலக்கூறுகளில், 2019-இல் வியன்னாவில் பயன்படுத்தப்பட்டவற்றுக்கு ஏறத்தாழ 2,000 அணுக்கள். நிறை 25,000 டால்டனுக்குச் சற்று மேல் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை). நமக்குத் தேவையான வைரம் அதைப்போல 24 கோடி மடங்கு கனமானது. மறுபக்கத்தில், ஈர்ப்பு அளக்கப்பட்ட மிகச் சிறிய மூலப்பொருளின் கதையைப் பார்த்தால், 2021-இல் மார்க்கஸ் ஆஸ்பெல்மெயரின் வியன்னா குழு, ஒரு மில்லிமீட்டர் ஆரமும் 90 மில்லிகிராம் நிறையும் கொண்ட இரு தங்கக் கோளங்களுக்கு இடையிலான ஈர்ப்பை அளந்தது. அந்த நிறை நம் வைரத்தைப்போல 900 கோடி மடங்கு. குவாண்டம் பக்கத்திலிருந்து மேலேறி வருபவர்களும் ஈர்ப்புப் பக்கத்திலிருந்து கீழிறங்கி வருபவர்களும் இன்னும் சந்திக்கவில்லை.

நடுவழியில் நம்பிக்கை தரும் செய்திகள் உண்டு. 2020-இல் அதே வியன்னா குழு, ஒளியால் மிதக்கவிடப்பட்ட சிலிக்கா நுண்கோளம் ஒன்றின் இயக்கத்தை அடிமட்டக் குவாண்டம் நிலைவரை குளிர்வித்தது. 2023-இல் ஜூரிக்கில் 16 மைக்ரோகிராம் படிகம் ஒன்றின் அதிர்வை இரு எதிர்நிலைகளின் மேற்பொருந்தலில் வைத்துக் காட்டினார்கள். நிறை நமக்குத் தேவையானதைவிட அதிகம்தான், ஆனால் அந்த இரு நிலைகளுக்கும் இடையிலான தொலைவு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. நமக்கு 250 மைக்ரான் வேண்டும். 2024-இல் மீக்கடத்தியின் மேல் மிதக்கும் 0.43 மில்லிகிராம் காந்தத் துகள் ஒன்று, அருகிலிருந்த திண்மங்களின் ஈர்ப்பை 10⁻¹⁷ நியூட்டன் அளவில் உணர்ந்தது.

வைரத்தை இரு பாதைகளில் பிரிப்பதற்கு, அதனுள் நைட்ரஜன் அணுவும் காலியிடமும் சேர்ந்து உருவாகும் குறைபாட்டு மையத்தின் எலக்ட்ரான் தற்சுழற்சியைப் பயன்படுத்துவது திட்டம். தற்சுழற்சி மேலும் கீழுமாக மேற்பொருந்திய நிலையில் இருக்கும்போது இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத்தைச் செலுத்தினால், ஒரு கூறு இடப்பக்கமும் மறுகூறு வலப்பக்கமும் இழுபடும். போஸ் குழுவின் கணக்கில் ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் டெஸ்லா என்ற ஏற்றத்தாழ்வு தேவைப்பட்டது. பிரித்த பாதைகளை மீண்டும் சேர்ப்பது பிரிப்பதைவிடக் கடினம், ஏனெனில் இடம், வேகம், வைரத்தின் சுழற்சி ஆகிய அனைத்தும் பொருந்தி வந்தால்தான் குறுக்கீடு தோன்றும். இத்தகைய முழுச் சுற்று, தனி அணுக்களைக் கொண்டு இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டப்பட்டிருக்கிறது. வைரத்துக்கு இன்னும் இல்லை.

சூழலின் தொல்லைகளில் மின்னூட்டம்தான் முதலிடம் பெறுகிறது. இரு வைரங்களிலும் தலைக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் மிகையாக ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவற்றுக்கு இடையிலான மின்விசை ஈர்ப்பைப்போல 3,500 கோடி மடங்காகிவிடும். மின்னூட்டத்தை முழுவதும் நீக்கினாலும், வெற்றிடத்தின் குவாண்டம் ஏற்றஇறக்கங்களால் எழும் காசிமிர்–போல்டர் விசை இருக்கும். அது தொலைவு குறையக் குறைய ஈர்ப்பைவிட மிக வேகமாக வளர்வதால்தான் 200 மைக்ரானுக்குக் கீழே நெருங்க முடிவதில்லை. நடுவே மெல்லிய கடத்தித் தகடு ஒன்றை வைத்து அந்த விசையை மறைத்தால் நெருக்கிக்கொண்டுவரலாம் என்று பின்னர் முன்மொழியப்பட்டது. அப்படிச் செய்தால் தகடும் துளியும் அதிராமல் நிற்க வேண்டும்.

ஒரேயொரு வாயு மூலக்கூறு வைரத்தின் மேல் மோதினாலும், வைரம் எந்தப் பாதையில் இருந்தது என்ற தகவல் சூழலுக்குக் கசிந்து, மேற்பொருந்தல் குலைந்துவிடும். வைரம் தானாக உமிழும் வெப்பக் கதிர்களும் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஆகவே 10⁻¹⁵ பாஸ்கல் அழுத்தம், தனிச் சுழிக்கு மேல் 0.15 டிகிரி வெப்பநிலை என்ற கடுமையான நிபந்தனைகள் குறிக்கப்பட்டன. 2.5 நொடி தடையின்றி விழவிட்டால் வைரம் 30 மீட்டர் கீழே போய்விடும் என்பது இன்னொரு சிக்கல். ஜெர்மனியின் பிரமன் விழுகோபுரம் போன்ற இடங்களும் விண்வெளியும் இதற்காகவே பேசப்படுகின்றன. காந்தப்புலத்தில் மிதக்கவிட்டே நேரத்தைச் சேர்க்கும் முறைகளும் ஆராயப்படுகின்றன.

இந்தத் தடைகளையெல்லாம் கடந்து பின்னல் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் விவாதம் முடியாது. அனஸ்டோபௌலோஸும் ஹூவும், சோதனையில் வேலை செய்வது நியூட்டனின் உடனடி ஈர்ப்பு மட்டுமே என்றும், அது தனியாக இயங்கும் புலத்தின் பண்பைக் காட்டாது என்றும் வாதிட்டார்கள். ரோவெல்லியும் கிறிஸ்டோடூலும் 2019-இல் அதற்கு மாறான பார்வையை முன்வைத்தார்கள்: பொதுச் சார்பியலின்படி நிறை என்பது காலவெளியின் வடிவத்தை மாற்றுகிறது, நான்கு கிளைகளிலும் ஒவ்வொரு வைரத்துக்கும் கடிகாரம் சற்றே வேறு வேகத்தில் ஓடுகிறது, கட்ட வேறுபாடு என்பது அந்தக் கால வேறுபாடுதான், ஆகவே பின்னலைக் காண்பது காலவெளி வடிவங்களின் மேற்பொருந்தலைக் காண்பதாகும். 2025-இல் அஸீஸும் ஹவுலும், பொருளைக் குவாண்டம் புலமாகக் கொண்டால் பழைய இயற்பியலின் ஈர்ப்பும் மிகச் சிறிய அளவில் பின்னலை உண்டாக்கக்கூடும் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த முடிவைச் சிலர் உடனே மறுத்தார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், பின்னல் காணப்படுவது குவாண்டம் ஈர்ப்பின் முழுக் கோட்பாட்டை நிறுவாது. குவாண்டம் ஈர்ப்புக்கு முன்வைக்கப்பட்டுள்ள இரு கோட்பாடுகளில் எது சரி, இழைக் கோட்பாடா, கண்ணி ஈர்ப்புக் கோட்பாடா என்ற போட்டிக்கும் அது தீர்ப்பு வழங்காது, ஏனெனில் இந்த ஆற்றல் மட்டத்தில் இரண்டும் ஒரே விடையையே தருகின்றன. ஆனால் புலம் சராசரியை மட்டுமே காட்டும் என்பதையும், ஈர்ப்பு மேற்பொருந்தலைத் தானே குலைத்துவிடும் என்பதையும் அந்த நிறை அளவில் அது ஒதுக்கிவிடும். அஸீஸ்–ஹவுல் வாதம் சரியாக இருந்தாலும், அவர்கள் சொல்லும் விளைவு நிறையோடும் தொலைவோடும் மாறும் விதம் வேறு. அளவுகளை மாற்றி மாற்றி அளந்தால் எதன் விளைவு என்று பிரித்தறிய முடியும். எனவே, பின்னல் உண்டா இல்லையா என்பதோடு நிற்காமல், மேலே கணக்கிட்ட 0.79, 0.35, 0.23 என்ற எண்களின் போக்கையே அளப்பதை இலக்காகக் கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்து செய்யப்படும் சோதனைகளையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஜோனதன் ஓப்பன்ஹைம் 2023-இல் வெளியிட்ட கோட்பாட்டில் ஈர்ப்பு பழைய இயற்பியலின் புலமாகவே நீடிக்கிறது, ஆனால் அது தற்போக்கில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. மேற்பொருந்தல் நீண்ட நேரம் நிலைத்தால் அந்த நடுக்கம் அதிகமாக இருந்தாக வேண்டும். நடுக்கம் குறைவாக இருந்தால் மேற்பொருந்தல் விரைவில் குலைய வேண்டும். இரண்டு பக்கமும் ஒருசேரத் தப்பிக்க முடியாது. ஒரு கிலோ திண்மத்தின் எடையை மிகத் துல்லியமாகத் திரும்பத் திரும்ப அளந்து ஏற்றஇறக்கத்தின் உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கனமான மூலக்கூறுகளின் குறுக்கீட்டை நீட்டித்துக்கொண்டே போனாலும், இக்கோட்பாட்டுக்கு நிற்க இடம் குறைந்துகொண்டே வரும். தவறு என்று காட்டப்படுவதற்கு இவ்வளவு தெளிவாகத் தன்னை ஒப்புக்கொடுக்கும் கோட்பாடு எனக்குப் பெரிதும் பிடிக்கிறது.

டியோசி–பென்ரோஸ் கருத்துக்கு இத்தகைய சோதனை ஏற்கெனவே நடந்தது. ஈர்ப்பு அலைச்சார்பைச் சரியச் செய்தால், அந்தச் சரிவில் மின்னூட்டத் துகள்கள் குலுங்கி மெல்லிய கதிர்வீச்சை உமிழ வேண்டும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், 1,400 மீட்டர் பாறையின் காப்பில் வைக்கப்பட்ட ஜெர்மானியம் உணர்கருவி அதைத் தேடியது. எதிர்பார்த்த அளவில் அந்தக் கதிர்வீச்சு இல்லை. 2020-இல் வெளியான இம்முடிவு, அக்கருத்தின் மிக எளிய வடிவத்தை விலக்கிவிட்டது. பென்ரோஸின் மூலக் கருத்தில் இத்தகைய கதிர்வீச்சு இருந்தாக வேண்டியதில்லை என்பதால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

வானியல் வழிகளை இங்கே தொட்டுச் செல்வதே போதும். 2009-இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி பதிவுசெய்த காமாக் கதிர் வெடிப்பு ஒன்றில், 700 கோடி ஒளியாண்டுகளுக்கு மேல் பயணித்து வந்த 31 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான், தாழ்ந்த ஆற்றலுள்ளவற்றோடு ஒரு நொடிக்குள்ளாகவே வந்து சேர்ந்தது. காலவெளியின் நுண்கட்டமைப்பு ஒளியின் வேகத்தை ஆற்றலுக்கேற்ப மாற்றும் என்ற சில கணிப்புகளுக்கு இது கடுமையான எல்லை விதித்தது. பெருவெடிப்பின் எச்சமான அண்டப் பின்னணிக் கதிரில் ஆதி ஈர்ப்பலைகளின் சுவடு தெரிந்தால் அதுவும் குவாண்டம் ஏற்றஇறக்கத்தின் சான்றாகக் கொள்ளப்படும். 2014-இல் பைசெப் தொலைநோக்கிக் குழு அதைக் கண்டதாக அறிவித்தது, ஆனால் காணப்பட்டது நம் பால்வழித் தூசியின் ஒளி என்று அடுத்த ஆண்டில் தெளிவானது. இந்த வழிகளில் நாம் மூலத்தைக் கட்டுப்படுத்த முடியாது, மாற்றிப் பார்க்க முடியாது. எனவேதான் ஆய்வகச் சோதனைக்கு நான் முன்னிடம் தருகிறேன்.

கடைசியாக, பின்னல் தோன்றாமல் போனால் என்ன பொருள் என்ற கேள்வி இருக்கிறது. தோன்றவில்லை என்பதாலேயே ஈர்ப்பு பழைய இயற்பியலுக்கு உரியது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் ஒரு வாயு மூலக்கூறு, ஓர் அதிர்வு, ஒரு மிகை எலக்ட்ரான் என எதுவும் அதைக் கெடுத்திருக்கலாம். இதற்கு வழி உண்டு. அதே கருவியில், அதே வைரங்களில் அளந்து வைத்த சிறு மின்னூட்டத்தையோ காந்தப் பண்பையோ சேர்த்து, மின்காந்த விசையால் முதலில் பின்னலை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். அதன் வலிமையைப் படிப்படியாகக் குறைத்து, ஈர்ப்பிலிருந்து எதிர்பார்க்கும் 0.3 ரேடியன் அளவுக்கே கொண்டுவந்தும் பின்னல் தெரிகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அந்த அளவில் மின்காந்தப் பின்னலைத் தெளிவாகக் காட்டிய கருவி, ஈர்ப்பு மட்டுமே மிஞ்சும்போது எதையும் காட்டாமல் போனால், அந்த இன்மையே பெரிய கண்டுபிடிப்பாகும். மின்காந்தத்தை வைத்துச் செய்யும் இந்த முன்சோதனையைத்தான் நான் முதலில் எதிர்பார்க்கிறேன், அடுத்து வரும் ஆண்டுகளில் எந்தக் குழு அதைச் செய்து காட்டுகிறது என்பதைக் கவனித்து வரவேண்டும்.